புள்ளி இல்லாத ஓலை, தும்பிக்கை வைத்த லை

அகாமுதலஎழுததெலலாமஆதிபகவனமுதறறெஉலகு.

இது அச்சுப் பிழை கிடையாது. திருக்குறளின் முதல் குறளைப் பழைய பனையோலைச் சுவடியில் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடமாட்டார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ‘அகர’ என்பதன் ரகரமும் ‘எல்லாம்’ என்பதன் துணைக்காலும் ஒரே கோடுதான். ‘முதற்றே’ என்பதற்கு ஒற்றைக் கொம்பே போட்டிருக்கும், ஏனென்றால் இரட்டைக் கொம்பு என்ற ஒன்றே அப்போது வழக்கில் இல்லை.

மனப்பாடமான குறள் என்பதால் தட்டுத்தடுமாறியாவது நாம் படித்துவிடுகிறோம். கேள்விப்படாத பாட்டாக இருந்தால் என்ன செய்வது? ஓலையில் ‘வான’ என்று இருந்தால் அது வான், வான, வரன் என எதுவாகவும் இருக்கலாம். ‘கொல’ என்று இருந்தால் கொல், கோல், கொல, கோல என்று நான்கு வழி திறக்கிறது. ‘எரி’ நெருப்பா, நீர் நிற்கும் ஏரியா என்பதை எழுத்து சொல்லாது. 19ஆம் நூற்றாண்டில் சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் மல்லுக்கட்டியது செல்லரித்த ஓலையோடு மட்டும் இல்லை. முழுதாக, பளிச்சென்று இருந்த ஓலையிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று வாசிப்பு இருந்தது.

அவர்களுக்குக் கை கொடுத்தது யாப்பு. மேலே உள்ள குறளையே எடுத்துக்கொள்வோம். முதல் சீர் ‘அகா’வா, ‘அகர’வா? குறிலும் நெடிலும் சேர்ந்த ‘அகா’ ஒரே ஒரு நிரையசை. வெண்பாவில் ஓரசைச் சீர் கடைசியில்தான் வரலாம், தொடக்கத்தில் வராது. ‘அகர்’ என்று புள்ளி வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான், அதுவும் ஓரசை. ஆக ‘அகர’ ஒன்றே மிஞ்சுகிறது. ‘முதற்றே’ என்பதற்கு வேறு காரணம்: தமிழ்ச் சொல் எகரக் குறிலில் முடியாது. இப்படி எதுகை, மோனை, தளை, சொல்லின் ஈறு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துத்தான் ஓலையைப் படிக்க வேண்டும். யாப்பு நமக்கு இன்று பரீட்சைக்குப் படிக்கும் சமாச்சாரம். ஓலைக் காலத்தில் அது எழுத்து விட்ட ஓட்டைகளை அடைக்கும் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. உரைநடைக்கு அந்த வசதி கிடையாது. யாப்பில்லாத ஓர் ஓலைக் கடிதத்தைப் படிப்பவர், அதில் என்ன எழுதியிருக்கக் கூடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறிந்தவராக இருக்க வேண்டும்.

சரி, இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. தொல்காப்பியம் மிகத் தெளிவாகச் சொல்கிறது: ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’. அடுத்த நூற்பா, ‘எகர ஒகரத்து இயற்கையும் அற்றே’. அதாவது மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, எ, ஒ என்ற குறில்களுக்கும் புள்ளி உண்டு. புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். 13ஆம் நூற்றாண்டில் வந்த நன்னூலும் இதையே திருப்பிச் சொல்கிறது. விதி நூற்றாண்டுக் கணக்கில் புத்தகத்தில் இருந்தது, எழுதியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஏன் வைக்கவில்லை என்று கேட்டால் பள்ளிக்கூடத்திலேயே நமக்கு ஒரு பதில் தந்திருப்பார்கள்: எழுத்தாணியால் குத்தினால் ஓலையில் பொத்தல் விழும், அதனால் விட்டுவிட்டார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கும் விளக்கம். எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. முதல் காரணம், ஆய்தத்தை அதே ஓலையில் எழுதத்தானே செய்தார்கள்? மூன்று புள்ளியைச் சின்னச் சுழியாகக் கீறத் தெரிந்தவருக்கு ஒரு புள்ளியைக் கீறத் தெரியாதா? இரண்டாவது, கல்லில் பொத்தல் விழும் கவலை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளம் முழுக்க ஓடும் சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள், அங்கும் பெரும்பாலும் புள்ளி இல்லை. அதற்கு முந்தைய பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில் புள்ளி இருக்கிறது. எனவே முடியாமல் விட்டதாகத் தோன்றவில்லை, தேவைப்படாமல் விட்டதாகத்தான் தோன்றுகிறது. பாடம் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் படிக்கத்தான் ஓலை. நினைவுக்குத் துணையாக இருந்த எழுத்துக்கு இவ்வளவு துல்லியம் போதும்.

இதே போல இன்னொரு பழங்கதை, ஓலை நார்வாக்கில் கிழியும் என்பதால்தான் தென்னாட்டு எழுத்துகள் உருண்டையாயின என்பது. ஒடியாவையும் சிங்களத்தையும் தெலுங்கையும் பார்த்தால் சரி என்று தோன்றும். தமிழைப் பார்த்தால் தலையைச் சொறிய வேண்டியதுதான். ப, ட, ம, க என்று நேர்க்கோடும் மூலையுமாக இருக்கும் எழுத்துகளை இதே பனையோலையில்தான் எழுதினார்கள். ஓலை எழுத்தின் வடிவத்தைப் பாதித்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதுபவரின் பழக்கமும் வேகமும் அதே அளவு பாதித்திருக்கும்.

புள்ளி எங்கிருந்து வந்தது என்று இன்னும் பின்னால் போனால் மதுரைப் பக்கத்து மலைக்குகைகளுக்குப் போய்ச் சேருவோம். மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1882இல் கவனித்தார். எழுத்து அசோகர் காலத்துப் பிராமி போல இருந்தது, ஆனால் படித்தால் எந்த மொழி என்று பிடிபடவில்லை. அது தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். வடமொழியின் வருக்க எழுத்துகள் (kha, ga, gha போன்றவை) அநேகமாக இல்லை, ழ, ள, ற, ன இருக்கின்றன, வேறு என்ன மொழியாக இருக்க முடியும்?

அப்படியும் படிப்பதில் சிக்கல் தீரவில்லை. பிராமி எழுத்து பிராகிருதம் என்ற பழைய வடநாட்டு மொழிக்காகப் பழகிய எழுத்து. அதில் ‘க’ என்று எழுதினாலே உள்ளே அகரம் இருக்கும். பிராகிருதச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் அங்கே தொல்லை இல்லை. தமிழிலோ மகன், ஊர், நெல், பாழ் என்று மெய்யில் முடியும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தனி மெய்யை எப்படிக் காட்டுவது? இதற்கு அந்தக் காலத்தில் வெவ்வேறு வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள் என்று கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் வகைப்படுத்திக் காட்டினார். ஒரு வழியில், குறி எதுவும் இல்லாத எழுத்தைத் தனி மெய்யாக வைத்துக்கொண்டு, அகரம் வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்கள். அதே கோடுதான் ஆகாரத்துக்கும். அசோகர் பிராமி கற்றவர் இதைப் பார்த்தால் ‘மகன்’ என்பது ‘மாகான’ என்று தெரியும். பிராகிருதமாக நினைத்துப் படித்தவர்கள் திணறியதில் ஆச்சரியம் இல்லை. இன்னொரு வழியில், குறி இல்லாத எழுத்து மெய்யாகவும் இருக்கலாம், அகரம் ஏறியதாகவும் இருக்கலாம், படிப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழியில்தான் புள்ளி வருகிறது. புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் அகரம். தொல்காப்பியம் இலக்கணமாகச் சொல்வது இதைத்தான்.

இதில் நான் ரசிக்கும் விஷயம், இந்த மூன்று வழிகளில் இரண்டாவதுக்குத்தான் சோழர் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் மறுபடி திரும்பிப் போயின. கண்டுபிடித்த தீர்வைக் கையில் வைத்துக்கொண்டே ஆயிரம் ஆண்டுக்கு அருகில் தீர்வு இல்லாமல் எழுதினார்கள். யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை.

குறைப்பட்டுக்கொண்டவர் வெளியிலிருந்து வந்தார். இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்தான்சோ பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். இயேசு சபைப் பாதிரியார், நெடுங்காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து 1747இல் இறந்தவர். தேம்பாவணி பாடியவர், 1732இல் சதுரகராதி தொகுத்தவர். பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணமும் எழுதினார். வளர்ந்த பிறகு தமிழ் கற்றவருக்கு எ, ஏ வேறுபாடு எழுத்தில் இல்லாதது எவ்வளவு இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து தமிழ் கேட்டவருக்கு ‘பெறு’ எங்கே, ‘பேறு’ எங்கே என்று இடம் பார்த்தே தெரிந்துவிடும். புதிதாகக் கற்றவருக்கு அந்தக் காது கிடையாது.

அவர் செய்தது பழைய விதியைத் தலைகீழாகத் திருப்பியது. குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது தொல்காப்பியம், யாரும் வைப்பதில்லை. போகட்டும், குறிலை அப்படியே விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் வைப்போம் என்றார். கொம்பின் தலையை வளைத்து இன்னொரு சுழி சேர்த்தால் நெடில். இன்றைய இரட்டைக் கொம்பும், ஏகார ஓகாரத்தின் தனி வடிவமும் பொதுவாக அவர் பெயரில்தான் வழங்குகின்றன. ஆனால் அவர் சொன்ன மறுநாளே ஊர் மாறிவிடவில்லை. அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ஓலையிலும், தொடக்க கால அச்சுப் புத்தகங்களிலும் ஒற்றைக் கொம்பே இரண்டு வேலையும் பார்த்தது. இரட்டைக் கொம்பு நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவிய பிறகுதான்.

அச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அச்சுக் கோப்பவருடைய வேலையை நினைத்துப் பார்த்தால் புரியும். முன்னால் அறை அறையாகப் பிரித்த பெட்டி. ஒவ்வொரு அறையிலும் ஒரு எழுத்தின் ஈயத் துண்டுகள். ஓலையில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அது ரகரமா காலா என்பதைப் படிப்பவர் தலையில் கட்டிவிடலாம். ர, ா என்று இரண்டு தனி அறை வந்துவிட்டால் அது நடக்காது. கை ஏதாவது ஒரு துண்டை எடுத்தாக வேண்டும். படிப்பவர் அதுவரை செய்துவந்த முடிவு அச்சுக் கோப்பவருக்கும் பதிப்பாசிரியருக்கும் இடம் மாறியது. பாட்டுக்குப் பாட்டு, எழுத்துக்கு எழுத்து அவர்கள் முடிவு செய்து கொடுத்ததைத்தான் நாம் இன்று சந்தேகமே இல்லாமல் படித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் அச்சு மிகப் பழையது. கொல்லத்தில் 1578இல் அண்டிரிக்கு அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் சிறு நூலை அச்சிட்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713 வாக்கில் அச்சகம் நடத்தினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பக்கத்திலிருந்த பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். ஆனால் இவை எல்லாம் கிறித்தவ சபைகளின் அச்சகங்கள். இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைக்க 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் தமிழ்ப் புத்தகம் பெருகியது. இடைவெளியும் நிறுத்தக்குறியும் பழக்கமாயின. ஆறுமுக நாவலரின் உரைநடையில் கமாவும் முற்றுப்புள்ளியும் வந்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அச்சு ஒரு குழப்பத்தைத் தீர்த்தது, இன்னொரு பழைய பழக்கத்தை ஈயத்தில் உறைய வைத்தது. ஓலையில் வேகமாக எழுதும்போது சில எழுத்துகள் பக்கத்துக் குறியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வடிவத்தையே அப்படியே வார்த்துவிட்டார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் இணைக்கொம்பு இருக்காது. எழுத்தின் மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது, எழுத்தின் வாலே சுழித்துக் கீழே போகும். அந்த மூன்றிலிருந்து பிறந்த ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அதே வகை. ஆக மொத்தம் 13. ‘கா’ எழுதப் படித்த குழந்தை ‘னா’ எழுத மறுபடி படிக்க வேண்டும்.

இதில் ஐகாரக் குறியின் பூர்வீகம் சுவையானது. அது முதலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கொம்புதான். மலையாளத்தில் இன்றும் ஐகாரத்துக்கு இரண்டு கொம்பைப் பக்கத்தில் பக்கத்தில்தான் போடுகிறார்கள். தமிழில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து இணைக்கொம்பாயின. ண, ல, ள, ன நான்கின் முன்னால் மட்டும் எழுத்தோடேயே ஒட்டித் தும்பிக்கையாகிவிட்டன. ஏன் அந்த நான்கு மட்டும்? நான்குமே சுழியில் தொடங்கும் எழுத்துகள். கொம்பின் வால் நேராகச் சுழிக்குள் இறங்கிவிடும், எழுத்தாணியை எடுத்து வைக்கத் தேவையே இல்லை. எழுதுபவரின் சோம்பல் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த 13 எழுத்தையும் மற்றவற்றைப் போலக் காலும் கொம்பும் சேர்த்து எழுதினால் என்ன என்று கேட்டவர் பெரியார். கேட்டதோடு நிற்கவில்லை, 1935 முதல் தம் குடிஅரசு இதழில் அப்படியே அச்சிடவும் தொடங்கினார். குழந்தைகள் கற்பதற்கும், அச்சுக் கோப்பதற்கும், தட்டச்சுக்கும் சுலபம் என்பது அவருடைய வாதம். எழுத்து ஒரு கருவிதான், புனிதப் பொருள் இல்லை என்பது அதற்கு அடியில் இருந்த கருத்து. ஐ, ஔ என்ற உயிர்களையும் அய், அவ் என்று எழுதலாம் என்றார். திராவிட இயக்க ஏடுகளில் ‘அய்யா’, ‘அய்ரோப்பா’ என்று பார்க்கிறோமே, அது அந்த வழி வந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் இரண்டு வகை அச்சு பக்கத்தில் பக்கத்தில் ஓடியது. ஒரு பத்திரிகையின் ‘லை’யைப் பார்த்தாலே அது எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

தட்டச்சுப் பொறியின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா முன்னின்று உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு 1930களில் வந்தது. 247 எழுத்தை ஒரு விசைப்பலகையில் திணிக்க முடியாது. எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கத்தான் வேண்டும். அதனால் புள்ளியைத் தட்டினால் தாள் நகராது, புள்ளி விழுந்த இடத்துக்குக் கீழேயே அடுத்து மெய்யைத் தட்ட வேண்டும். நம் மனசில் ‘க்’ என்றால் முதலில் க, அப்புறம் புள்ளி. தட்டச்சு கற்றவர்கள் கைக்கு முதலில் புள்ளி, அப்புறம் க. இப்படி ஒவ்வொரு விசைக்கும் சண்டை நடக்கும் இடத்தில், வேறெதிலும் பயன்படாத தும்பிக்கைக்கும் வாலுக்கும் இடம் ஒதுக்குவது எப்பேர்ப்பட்ட ஆடம்பரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு அசைந்தது பெரியார் நூற்றாண்டின்போது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978 அக்டோபர் 19 அன்று வந்த ஆணை அந்த 13 எழுத்தையும் மாற்றியது. ஐ, ஔ இரண்டும் தப்பித்தன. பாடப்புத்தகமும் அரசு அலுவலகமும் முதலில் மாறின, தனியார் பத்திரிகைகள் கையிருப்பில் இருந்த ஈயத்தையும் வாசகர் முகத்தையும் பார்த்து மெல்ல மெல்ல மாறின. சிங்கப்பூரும் மலேசியாவும் இலங்கையும் பின்னால் சேர்ந்துகொண்டன. இப்போது பழைய லையைப் பார்க்க வேண்டுமானால் பழைய புத்தகக் கடைக்கோ, வண்ணம் மாறாத ஏதாவது ஒரு கடைப் பலகைக்கோ, தாத்தா பாட்டி எழுதிய கடிதத்துக்கோதான் போக வேண்டும்.

மலையாளத்தில் 1971இல் கிட்டத்தட்ட இதே காரணத்துக்காக, தட்டச்சுக்கும் அச்சுக்கும் தோதாக, கூட்டெழுத்துகளை அரசு உடைத்தது. கணினி வந்ததும் அங்கே நேர் எதிர்த் திசையில் காற்று அடித்தது. எத்தனை கூட்டெழுத்து வேண்டுமானாலும் கணினி வரையுமே, பிறகு ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்டு ‘ரசனா’ என்ற குழு 1999இல் பழைய எழுத்தை எழுத்துருவாக மீட்டது. தமிழில் அப்படி ஓர் ஏக்கம் பெரிதாகக் கிளம்பவில்லை. மலையாளத்தில் போனது நூற்றுக்கணக்கான வடிவங்கள், தமிழில் வெறும் 13. தும்பிக்கை போன துக்கம் ஒரு தலைமுறையிலேயே ஆறிவிட்டது.

சீர்திருத்தம் தொடாமல் விட்டது உகர ஊகார வரிசை. கு, டு, து, பு, மு என்று எழுதிப் பாருங்கள். ஒன்றில் வால் வட்டமாகச் சுற்றுகிறது, ஒன்றில் வளைந்து மேலேறுகிறது, ஒன்றில் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. கூ, சூ இரண்டும் இனமே வேறு. வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து வந்த கிரந்த எழுத்துகள் இதில் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. ஜு, ஷு, ஸு, ஹு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே குறி. துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்கும் தனிக் குறிகளைக் கொண்டுவர வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அது நடக்கவில்லை. நடக்காததே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. 13 எழுத்து மாறியதால் பழைய புத்தகம் யாருக்கும் அந்நியமாகிவிடவில்லை, ஒரு நிமிடத்தில் பழகிவிடும். இகர உகர வரிசைகள் மாறினால் ஒவ்வொரு வரியும் மாறும்.

அப்புறம் கணினி எல்லாக் கணக்கையும் மாற்றிவிட்டது. எழுத்தின் வடிவம் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. திரைக்கு உள்ளே எழுத்து ஓர் எண்தான். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘க்’ என்பது ககரமும் புள்ளியும். குறி இல்லாவிட்டால் அகரம் ஏறியது, புள்ளி வைத்தால் மெய்: குகைக் கல்வெட்டின் மூன்றாவது வழி அப்படியே. ‘கெ’ என்று எழுதினால் கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரியும், உள்ளே ககரம்தான் முதலில், கொம்பு பின்னால். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண்ணே வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. தமிழக அரசு 2010இல் அப்படி ஒரு குறியீட்டையும் மாற்றாக ஏற்றது, ஆனால் உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது.

பழைய கணக்கு எழுத்துகளுக்கும் கணினியில் இடம் கிடைத்தது. தாத்தா காலத்துப் பத்திரங்களில் வரும் ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்), ௸ (மேற்படி) எல்லாம் ஒருங்குறியில் இருக்கின்றன. முந்திரி, மாகாணி போன்ற பின்னங்களுக்கும் 2019இல் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். யார் தட்டச்சு செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஓலையில் இருந்த குழப்பம் கணினியில் அடியோடு ஒழிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே வடிவத்துக்கு இரண்டு வாசிப்பு என்ற பேச்சே இங்கே இல்லை. நடந்தது என்னவோ வேறு. அச்சில் ர், ரி, ரீ மூன்றுக்கும் ரகரத்தின் கீழ்க்காலை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. பார்த்தால் துணைக்காலின் மேல் புள்ளி வைத்தது போல இருக்கும். கண்ணில் பதிந்த அந்த வடிவத்தை நம்பி இன்றும் பலர் ‘பரிசு’ என்பதைத் துணைக்கால் போட்டு ‘பாிசு’ என்று தட்டுகிறார்கள். ஓலையில் ரகரமும் காலும் ஒன்றாக இருந்ததன் மிச்சம்தான் இது. படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது ப, துணைக்கால், இகரக்குறி, சு என்ற ஏதோ ஒரு குப்பை. தமிழ் எண் ஏழின் வடிவமான ௭, எகரத்தைப் போலவே இருப்பதால் ‘எழுத்து’ என்ற சொல் ஏழில் தொடங்கி ‘௭ழுத்து’ ஆகும் கூத்தும் உண்டு. ஸ்ரீயை ஸகரம் போட்டும் எழுதலாம், 2005இல் ஒருங்குறிக்குள் வந்த ஶகரம் போட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை ஔகாரம். ஔ என்ற எழுத்தின் பின்பாதி ளகரம் மாதிரியே இருக்கிறது. கௌ, மௌ, சௌ எல்லாவற்றிலும் அப்படித்தான். அதனால் ‘மௌனம்’ என்று தட்ட வேண்டிய இடத்தில் கொம்பு, ளகரம் சேர்த்து ‘மெளனம்’ என்று தட்டிவிடுகிறார்கள். கௌரி ‘கெளரி’ ஆகிறாள். ஒளவையார் என்று ஒகரமும் ளகரமும் போட்ட வடிவம் புத்தக அட்டைகளிலும் அரசு ஆவணங்களிலும்கூடத் தாராளமாகப் புழங்குகிறது. ஓலை படித்த புலவர் இதைப் பார்த்திருந்தால் இடம் பார்த்து ஔ என்றே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். தேடுபொறியும் நூலக அட்டவணையும் எல்லா நேரத்திலும் அந்தப் பெருந்தன்மையைக் காட்டுவதில்லை. ஆத்திசூடியைத் தேடப் போகிறவர்கள் ஆசிரியர் பெயரை ஔ போட்டு ஒரு முறையும் ஒள போட்டு ஒரு முறையும் தேடிப் பார்ப்பது நல்லது.